நம்பிக்கை என்னும் முதல்

மாதக் கடைசி. சம்பளம் கைக்கு வந்த மாலை வேளையில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் பத்துப் பெண்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் நூறு ரிங்கிட்டை எடுத்து நடுவில் வைக்கிறார்கள். பத்துத் துண்டுத் தாள்களில் பத்துப் பெயர்களை எழுதிச் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அந்த வீட்டுச் சிறுமி ஒரு தாளை எடுத்துப் பிரிக்கிறாள். அதில் பெயர் உள்ளவர் ஆயிரம் ரிங்கிட்டைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த மாதம் மற்றொருவரின் முறை. பத்தாம் மாதம் முடியும்போது பத்துப் பேரும் ஒருமுறை பணம் எடுத்திருப்பார்கள்.

மலேசியத் தமிழர் இதனைக் 'கூட்டு' என்று அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் இதற்குச் 'சீட்டு' என்று பெயர். சீனர்களிடையேயும் மலாய்க்காரர்களிடையேயும் இதே வழக்கம் உண்டு. பெயரும் முறையும் சிறிது மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். சிலர் சேர்ந்து பணம் போடுகிறார்கள், முறைவைத்து எடுக்கிறார்கள்.

கணக்கு மட்டுமே தெரிந்த ஒருவர் இதனைப் பார்த்தால் வியப்படைவார். முதல் மாதத்தில் ஆயிரம் ரிங்கிட் பெற்றவர் அதுவரை கொடுத்தது நூறு ரிங்கிட் மட்டுமே. எஞ்சிய தொள்ளாயிரமும் மற்ற ஒன்பது பேரிடமிருந்து அவர் பெற்ற கடனாகும். அந்தக் கடனுக்கு வட்டி இல்லை, அடமானம் இல்லை, கையெழுத்திட்ட பத்திரமும் இல்லை. அடுத்த மாதம் முதல் அவர் பணம் கட்டாமல் நின்றுவிட்டால் தொள்ளாயிரம் ரிங்கிட் அவருக்கு ஆதாயம். கடைசி மாதத்தில் எடுப்பவரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஒன்பது மாதம் கட்டிய பணம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பைத் தவிர அவர் கையில் வேறு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தை மட்டுமே எண்ணினால் இந்தக் கூட்டு முதல் மாதத்திலேயே கலைந்துபோக வேண்டும். ஆனால், அது கலைவதில்லை. ஏன்?

உறவே பிணை

பணம் எடுத்தவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் இடையே வேறு பல தொடர்புகள் இருக்கின்றன. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், ஒருவர் சம்பந்தி, மற்றொருவர் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குச் செல்பவர். பணம் கட்டாமல் விட்டால் தொள்ளாயிரம் ரிங்கிட் மிஞ்சும். ஆனால், அவசரத்திற்குப் பிள்ளையை விட்டுச் செல்ல ஒரு வீடு இருக்காது. மகளின் திருமணத்தில் முன்னின்று வேலை செய்ய ஆள் இருக்காது. கோயிலில் எதிர்ப்பட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அடுத்த கூட்டில் இடமும் கிடைக்காது. இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தொள்ளாயிரம் ரிங்கிட் பெரிய தொகையன்று. வங்கி நிலப் பட்டாவைப் பிணையாகக் கேட்கிறது. கூட்டோ ஒருவரின் நற்பெயரைப் பிணையாக ஏற்கிறது.

உறவு கடனுக்கு மட்டும் காவலாக நிற்பதில்லை. சேமிப்புக்கும் துணை செய்கிறது. மாதம் நூறு ரிங்கிட்டை ஒரு டின்னில் போட்டு வைக்க யாராலும் முடியும். ஆனால், வீட்டில் இருக்கும் பணத்திற்குச் செலவு தேடி வரும். பிள்ளைக்குக் காலணி வேண்டும். தம்பி கைமாற்றுக் கேட்பான். மோட்டார் சைக்கிள் பழுதாகும். டின் காலியாகிவிடும். கூட்டுப் பணத்தை அப்படித் தொட முடியாது. "இது கூட்டுக்குக் கட்ட வேண்டிய காசு" என்று சொன்னால் கைமாற்றுக் கேட்பவரும் அதை ஏற்றுக்கொள்வார். தனியே இருந்தால் சேமிக்க இயலாதவர் பத்துப் பேர் நடுவே சேமிக்கிறார். அவருடைய வருமானம் மாறவில்லை; குணமும் மாறவில்லை. அவரைச் சுற்றியுள்ள ஏற்பாடுதான் மாறியிருக்கிறது.

கூட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒருவரின் கணவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அந்த மாதம் பெயர் விழுந்தவர் தம் முறையை அவருக்கு விட்டுக்கொடுப்பார். எந்த விதியிலும் அப்படி எழுதப்படவில்லை. ஆயினும், நாளை தமக்கும் அதே நிலை வரலாம் என்பதை அனைவரும் அறிவர்.

மக்களிடையே நிலவும் நம்பிக்கை, உறவு, பழக்கவழக்கம் ஆகியவை பொருளீட்டவும் சேமிக்கவும் பயன்படும்போது அவற்றைச் 'சமூக மூலதனம்' என்று அறிஞர்கள் அழைக்கின்றனர். நிலமும் இயந்திரமும் முதலாக இருப்பதுபோல நம்பிக்கையும் ஒரு முதல்தான். ஆனால், அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. இயந்திரம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். நம்பிக்கையோ முறையாகப் பயன்படுத்தினால் வளரும். ஒருமுறை முறிந்தால் மீண்டும் ஒட்டுவது கடினம்.

உறவின் எல்லை

உறவை மட்டுமே நம்பிய ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. பத்துப் பேர் கூட்டில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரை அறிவர். அதுவே நூறு பேர் கூட்டாக வளர்ந்தால் எவரும் எவரையும் முழுமையாக அறியார். கூட்டை நடத்துபவர் ஒருவரையே எல்லாரும் நம்ப வேண்டியிருக்கும். அவர் பணத்தோடு தலைமறைவானால், இன்னும் எடுக்காதவர்கள் அனைத்தையும் இழப்பார்கள். இத்தகைய கூட்டுகளை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவை எழுந்தது. 1971ஆம் ஆண்டில் மலேசியாவில் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வதை இச்சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருக்கிறது. அந்த அளவிற்கு இவ்வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியிருந்தது.

உறவு வேறு வகையிலும் சுமையாகலாம். வேலை இழந்த ஒருவர் தம் நிலையைக் கூட்டில் சொல்ல வெட்கப்படுகிறார். மானம் காக்க வட்டி முதலைகளிடம் கடன் வாங்கிக் கூட்டுப் பணத்தைக் கட்டுகிறார். மேலும், ஊருக்குப் புதிதாக வந்தவரை யாரும் கூட்டில் சேர்ப்பதில்லை. உதவி மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே கதவு அடைபடுகிறது.

ஆகவே, உறவில் பிறந்த நம்பிக்கையை அறிமுகமில்லாதவர்களுக்கும் விரிவாக்க வேண்டுமானால் அதற்கு அமைப்பு தேவை. எழுதப்பட்ட விதி, கணக்கு, தணிக்கை, சட்டப் பாதுகாப்பு ஆகியவை தேவை. எனினும், மக்களின் வாழ்க்கையையும் நம்பிக்கையையும் அறியாமல் அமைக்கப்படும் அமைப்பை மக்கள் நாடுவதில்லை. மலேசிய வரலாற்றில் இதனை விளக்கும் இரு நிகழ்வுகள் உள்ளன.

தலையணைக்கு அடியில் இருந்த சேமிப்பு

முற்காலத்தில் மலாய்க் கிராமத்தினர் பலர் மெக்காவுக்குப் புனிதப் பயணம் செல்வதற்காக ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்தனர். அப்பணத்தைத் தலையணைக்கு அடியிலும் மூங்கில் குழாயிலும் பெட்டியிலும் வைத்திருந்தனர். சேமிப்பு போதாதபோது கால்நடைகளையும் நிலத்தையும் விற்றனர். பயணம் முடிந்து மனநிறைவோடு திரும்பியவர்கள், பிழைப்புக்கு நிலம் இல்லாமல் வறுமையில் வாடியதும் உண்டு. வங்கிகள் இருந்தும் அவர்கள் அவற்றை நாடவில்லை.

இதனை அறியாமை என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால், அவர்களுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. வங்கி வட்டி கொடுக்கிறது. இஸ்லாம் வட்டியை விலக்குகிறது. புனிதப் பயணத்திற்கான பணத்தில் வட்டி கலப்பதை அவர்கள் விரும்பவில்லை. வீட்டில் வைத்த பணம் வளராது, களவுபோகலாம், கறையான் அரிக்கலாம். ஆயினும், அது தூய்மையான பணம் என்னும் நிறைவு அவர்களுக்கு இருந்தது.

பொருளியல் அறிஞரான பேராசிரியர் உங்கு அப்துல் அஜிஸ் இந்தக் காரணத்தை மதித்தார். மக்களின் நம்பிக்கையை மாற்ற அவர் முயலவில்லை. அந்த நம்பிக்கைக்குப் பொருந்தும் சேமிப்பு அமைப்பு ஒன்றினை உருவாக்கலாம் என்று 1959இல் முன்மொழிந்தார். மக்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கலாம். அந்தப் பணம் மார்க்கம் அனுமதிக்கும் தொழில்களில் முதலீடு செய்யப்படும். வட்டிக்கு மாறாக இலாபத்தில் பங்கு கிடைக்கும் என்பதே அவரது கருத்து. அதன் அடிப்படையில் தோன்றிய நிறுவனம் 1963இல் செயல்படத் தொடங்கியது. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. தொடக்கத்தில் ஏறத்தாழ 1,300 பேர் மட்டுமே அதில் சேமித்தனர். இன்று அதன் சேமிப்பாளர்கள் ஒன்பது மில்லியனுக்கும் அதிகமானோர்.

கிராம மக்களிடம் சேமிக்கும் பழக்கம் முன்பே இருந்தது. அவர்களுக்கு இல்லாதிருந்தது, தம் மனச்சான்றுக்கு உகந்த ஓர் இடம். அந்த இடம் கிடைத்தவுடன் தலையணைக்கு அடியில் முடங்கிக் கிடந்த பணம் நாட்டின் முதலீடாக மாறியது.

பத்து வெள்ளித் தவணை

உங்கு அஜிஸ் ஆராய்ந்த மற்றொரு சிக்கல் தோட்டத் துண்டாடலாகும். 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல, மலாயாவில் இருந்த தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. நில வணிகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். நிலத்தைப் பிரித்து விற்றால் அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது.

துண்டாடல் தோட்டத் தொழிலாளர்களை நிலைகுலையச் செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, குடும்பங்கள் கூடி வழிபட்ட மாரியம்மன் கோயில், முன்னோரைப் புதைத்த இடுகாடு அனைத்தும் அந்த நிலத்தில்தான் இருந்தன. நில வணிகரின் கணக்கில் ஒரு தோட்டம் என்பது இத்தனை ஏக்கர், ஏக்கருக்கு இவ்வளவு விலை. பால்மரம் வெட்டுபவரின் கணக்கில் அது மூன்று தலைமுறை வாழ்வு. ஆயினும், சந்தையில் முதல் கணக்குக்கு மட்டுமே மதிப்பு இருந்தது. இரண்டாவது கணக்கைச் சொல்ல வழியில்லை. தோட்டத்தைத் தாமே வாங்கினால் ஒழிய அதனைக் காக்க முடியாது. நாட்கூலியாகச் சில வெள்ளி மட்டுமே பெற்ற தொழிலாளியால் தோட்டத்தை எவ்வாறு வாங்க இயலும்?

இக்கேள்விக்கு விடையாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர் துன் வீ.தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த அவர், அப்போது மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னோடியான மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தார். சங்கத்தின் பங்கு ஒன்றின் விலை நூறு வெள்ளி. அதனைப் பத்து வெள்ளித் தவணைகளாகக் கட்டலாம். அன்று தோட்டக் குடும்பம் ஒன்றிற்குப் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. அதனைக் கொடுத்தால் மளிகைக் கடைக் கணக்கில் அந்த மாதம் துண்டு விழும். கண்ணால் காணாத ஒரு சங்கத்தில், என்றோ வாங்கப்போகும் ஒரு தோட்டத்திற்காக, அந்தப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்கள் நடுவே நின்று, அவர்களுக்குப் புரியும் மொழியில் திட்டத்தை விளக்கினார். பக்கத்துத் தோட்டம் துண்டாடப்பட்ட செய்தி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கிருந்து மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிய குடும்பங்களுள் உறவினரும் இருந்தனர். பால்கொட்டகையிலும் லயத்து வாசலிலும் பேச்சு வளர்ந்தது. ஒருவர் பங்கு வாங்கினால் அடுத்த வீட்டுக்காரரும் வாங்கினார். கூட்டு கட்டிப் பழகியவர்களுக்குத் தவணை கட்டுவது புதிதன்று. பலர் சேர்ந்தால் தனி ஒருவரால் இயலாதது இயலும் என்பதும் புதிதன்று.

எனினும், இது வெறும் கூட்டு அன்று. கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி பதிவு பெற்றது. உறுப்பினர் கட்டிய பணத்திற்குப் பற்றுச்சீட்டு உண்டு. கணக்குகள் தணிக்கைக்கு உட்பட்டவை. நிர்வாகத்தினர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குப் பதில் சொல்ல வேண்டும். பங்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்கு இல்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் நெறி. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை தொடங்கியபோது வகுத்த இந்நெறி, மலாயாவில் 1922 முதல் கூட்டுறவுச் சட்டத்தின் வழி வேரூன்றியது. இதனால் கெடாவில் இருக்கும் தொழிலாளியும் ஜொகூரில் இருக்கும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் பாராமலேயே ஒரே தோட்டத்திற்குப் பங்காளிகளாக முடிந்தது. பத்துப் பேருக்குள் அடங்கியிருந்த நம்பிக்கை பல்லாயிரம் பேருக்கு விரிந்தது.

சங்கம் தன் முதல் தோட்டமாகக் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை 1961இல் வாங்கியது. பின்னர், வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. நேற்று வரை பிறருடைய மரத்தை வெட்டிய கைகள் இன்று தம் பங்கும் உள்ள மரத்தை வெட்டின. தொழிலாளி இலாப ஈவு பெறும் உறுப்பினரானார். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கிடைத்தது.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. அது தொடங்குவதற்கு முன்பே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் பல, நகர்ப்புறங்களில் புறம்போக்கு நிலத்தில் குடியேறின. அந்த இழப்பை நினைக்கும்போதுதான் பத்து வெள்ளித் தவணையின் மதிப்பு முழுமையாக விளங்கும்.

இன்றைய பாடம்

மேலே கண்ட மூன்று நிகழ்வுகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. மனிதர் பணத்தைக் குறித்து முடிவெடுக்கும்போது இலாபத்தையும் வட்டியையும் மட்டும் எண்ணுவதில்லை. யாரோடு சேர்ந்து வாழ்கிறோம், யாரை நம்புகிறோம், எதனைச் சரியென்று கருதுகிறோம் என்பவையும் அந்த முடிவில் அடங்கியுள்ளன. இவற்றைப் புரிந்துகொண்ட அமைப்பு மக்களிடையே நிலைக்கிறது. அதே வேளையில், விதியும் கணக்கும் இல்லாத நம்பிக்கை எளிதில் சுரண்டப்படுகிறது.

இணையக் காலத்தில் இந்த இரண்டாம் பகுதி மிகவும் முக்கியமானது. மோசடிக்காரர்கள் எப்போதும் முன்பின் தெரியாதவர்களாக வருவதில்லை. சிலர் உறவினரின் குரலில் பேசுகிறார்கள். சில நாள்களில் பணம் இரட்டிப்பாகும் என்ற செய்தி நண்பரின் கைப்பேசியிலிருந்தும் வரலாம். அனுப்பிய நண்பரும் ஏமாந்தவராக இருக்கலாம். உறவின் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையே அங்கு மூலதனமாகத் திருடப்படுகிறது. ஆகவே, அன்புக்குரியவர் சொன்னாலும் சரிபார்த்தல் வேண்டும். அனுமதி பெறாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலைப் பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடுகின்றன. அதனைப் பார்ப்பது நண்பரைச் சந்தேகிப்பதாகாது; நண்பரையும் சேர்த்துக் காப்பதாகும்.

இந்தப் பாடத்தைப் பழகுவதற்கு மாணவர்களுக்கு அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் பள்ளிக் கூட்டுறவுக் கடை. அங்கு எழுதுகோல் வாங்கும் மாணவர் வாடிக்கையாளர் மட்டும் அல்லர். பங்கு வாங்கியிருந்தால் உரிமையாளரும் ஆவார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்கவும் கை உயர்த்தி வாக்களிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. தோழர்மீது நம்பிக்கை வைத்தலும் கணக்கைக் கேட்டலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவ்விரண்டும் இணைந்தபோதுதான் லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. கூட்டில் முதலில் பணம் எடுப்பவர் கடன் பெறுபவர். கடைசியில் எடுப்பவர் சேமிப்பவர். இக்கூற்றைக் கணக்கிட்டு விளக்குக.

2. ஒரே தோட்டத்திற்கு நில வணிகரும் தொழிலாளியும் வெவ்வேறு மதிப்பைக் கொடுத்தது ஏன்?

3. பத்துப் பேர் கூட்டுக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் உள்ள ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் பட்டியலிடுக.

4. உன் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் அவர் முதன்முதலில் பணம் சேமித்த விதத்தைக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.